பால் மரங்கள் தந்த வேனில்

பழந்தமிழர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அப்பகுப்பு, வானத்தை மட்டும் நோக்கிச் செய்யப்பட்டதன்று. மனித வாழ்வையும் நோக்கிச் செய்யப்பட்டது. உழவுக்கு ஒரு காலம், அறுவடைக்கு ஒரு காலம், பிரிந்தவர் கூடுதற்கு ஒரு காலம் என வாழ்க்கை பருவங்களோடு இயைந்து நடந்தது. அறுவடை முடிந்து, களம் வெறிச்சோடிக் கிடக்கும் வேனிலில் ஊர்த் திருவிழாக்கள் பல நடந்தன. காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரில் 28 நாள்கள் இந்திர விழா கொண்டாடப்பட்டதை மணிமேகலை காட்டுகிறது. உழைப்புக்குக் காலம் உண்டெனில் ஓய்வுக்கும் காலம் உண்டு. அவ்வோய்வு தனி ஒருவனுக்கு மட்டும் உரியதன்று, ஊர் முழுமைக்கும் உரியது. இதுவே அச்சமுதாயம் நமக்கு விட்டுச் சென்ற கொள்கை.

இக்கொள்கையை நெஞ்சில் சுமந்துகொண்டு கடல் கடந்த தமிழருள் ஒரு பகுதியினர், வேனில் என்ற ஒன்றே இல்லாத நிலப்பகுதியில் வந்து இறங்கினர். மலாயாத் தீபகற்பத்தின் தென்கோடியாகிய ஜொகூர், நிலநடுக்கோட்டுக்கு மிக அண்மையில் அமைந்தது. ஆண்டு முழுவதும் வெப்பம். ஆண்டு முழுவதும் மழை. பகலும் இரவும் ஏறத்தாழச் சம அளவு. பனியும் இல்லை, வேனிலும் இல்லை. அத்தகைய மண்ணில் தமிழ்த் தொழிலாளர்க்கு ஓய்வுக் காலமாக அமைந்தது எது? அதனை அவர்க்குத் தந்தவர் யார்? தந்தது நிலைத்து நின்றதா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது, ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றையே தேடுவதாகும்.

காடு தோட்டமாயிற்று

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் ஆற்றோரங்களில் சீனர்கள் மிளகும் கம்பீரும் பயிரிட்டனர். இரப்பரின் காலம் அதன் பின்னர் வந்தது. 1877இல் 22 இரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவை அடைந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்துக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது, உலகச் சந்தையில் இரப்பருக்கு ஏற்பட்ட தேவை ஜொகூரின் காடுகளை எட்டியது.

1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை நிறைவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என அப்பாதை தொட்ட இடமெல்லாம் தோட்டங்கள் விரிந்தன. அவற்றில் உழைப்பதற்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை கைவிடப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை, ஊரும் உறவுமாகத் தமிழர் வந்துகொண்டே இருந்தனர். வந்தவர் தம்முடன் கொண்டுவந்த பொருள்கள் சிலவே. ஆனால் குலதெய்வத்தையும், விழா நாள்களையும், உறவு முறைகளையும் அவர்கள் விட்டுவிட்டு வரவில்லை.

பெரட்டு மணியும் பெய்யும் மழையும்

தோட்டத்தில் நாள் என்பது விடியலில் தொடங்கவில்லை, இருளில் தொடங்கியது. மணி ஒலித்ததும் தொழிலாளர் பெரட்டுக் களத்தில் கூடினர். கிராணி பெயர் கூப்பிட, கங்காணியும் தண்டலும் வேலை பிரித்துக் கொடுத்தனர். தலையில் விளக்குடன் பால்வெட்டுக்காரர்கள் தத்தம் நிரைகளுக்குச் சென்றனர். இவ்வளவு விரைவு எதற்கு? இரப்பர் மரத்தின் இயல்பே அதற்குக் காரணம். குளிர்ந்த அதிகாலையில் பட்டையினுள் இருக்கும் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது வெட்டினால் பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏற அவ்வழுத்தம் குறையும், பாலும் குறையும். மரம் விதித்த இந்த நேரத்தை மாற்ற மனிதனால் இயலவில்லை.

இதன் விளைவு குடும்பத்தின்மேல் விழுந்தது. தாயும் தந்தையும் இருட்டிலேயே புறப்பட்டனர். தூக்கம் கலையாத கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் விடப்பட்டது. மூத்த பிள்ளைகள் தாமே எழுந்து தோட்டப் பள்ளிக்குச் சென்றனர். பள்ளிக்குச் செல்லாமல் பெற்றோருக்கு மங்கு துடைக்கச் சென்றவரும் பலர். பால் நிறுத்து முடிந்து லயத்துக்குத் திரும்பிய பெண்ணுக்கு, விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருந்தன. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் நின்று நோக்கப் பொழுதில்லாத வாழ்க்கை அது.

வேலை இல்லாத நாள்கள் இல்லாமற் போகவில்லை. மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டினால் பால் மங்கில் சேராமல் மரத்தின் மேனியெங்கும் வழிந்தோடும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஆண்டின் இறுதி மாதங்களில் மெர்சிங், கோத்தா திங்கி முதலிய கிழக்குப் பகுதிகளில் மழை நாள்கணக்கில் நின்று பெய்யும். அந்நாள்களில் குடும்பம் முழுவதும் லயத்தில் ஒன்றாக இருந்தது. ஆனால் நாட்கூலி வாங்குவோனுக்கு வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறியது. கையில் காசில்லாத தந்தையின் அருகில் அமர்ந்திருப்பது பிள்ளைக்கு விழாவாகுமா? மழை தந்தது வேலையின்மை. அதனை ஓய்வு என்று சொல்வதற்கில்லை. ஓய்வுக்கும் வேலையின்மைக்கும் உள்ள இவ்வேறுபாட்டைத் தோட்டத் தமிழர் நூல் படித்து அறியவில்லை, வயிற்றால் அறிந்தனர்.

மரம் இலையுதிர்த்தது

ஆயினும், இயற்கை அவர்களை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. அமேசான் காடுகளில் பிறந்த இரப்பர் மரம் தன் பிறப்பியல்பு ஒன்றை மலாயாவிலும் மறக்கவில்லை. தை பிறந்து மழை ஓய்ந்து சற்றே வறட்சி தொடங்கியதும், அதன் இலைகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் நிறம் மாறி உதிரத் தொடங்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில், ஆண்டெல்லாம் இருண்டு கிடக்கும் தோட்டத்துக்குள் வானம் தெரியும். உதிர்ந்த சருகுகள் காலடியில் நொறுங்கும். சில வாரங்களில் செம்பு நிறத்துத் தளிர்கள் தோன்றும். பின்னர் அவை பசுமையாகித் தோட்டம் மீண்டும் நிழல் போர்த்திக்கொள்ளும்.

இலையில்லா மரத்தில் பால் குறைவு. தளிர் முற்றும்வரை மரம் தன் வலிமையைத் தழைப்பதற்கே செலவிடுகிறது. ஆகவே அக்காலத்தில் பால்வெட்டின் வேகம் தளர்ந்தது. சில இடங்களில் மரத்துக்கு ஓய்வும் கொடுக்கப்பட்டது. வருமானம் குறைந்தது உண்மையே. ஆனால் மழைக்காலத்து வேலையின்மை போல இது எதிர்பாராமல் வந்ததன்று. எந்த மாதத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தது. எனவே அதற்கேற்பச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்க முடிந்தது. அப்பருவம் பங்குனி, சித்திரை மாதங்களோடு ஒன்றியும் வந்தது. பங்குனி உத்திரமும், சித்திரைப் புத்தாண்டும், சித்திரைப் பௌர்ணமியும் வரும் நாள்கள் அவை. தமிழ்நாட்டில் அறுவடைக்குப் பின் வந்த வேனில் விழாக்களுக்கு ஜொகூரில் ஒரு புதிய பருவம் கிடைத்தது. வேனில் இல்லாத நாட்டில் பால் மரங்களே ஒரு வேனிலை உண்டாக்கிக் கொடுத்தன எனலாம்.

திருவிழா என்னும் பொது ஓய்வு

தோட்டக் கோயில் பெரும்பாலும் மாரியம்மன் கோயிலாகவே இருந்தது. தோட்டத்தின் எல்லையில் முனீசுவரர் காவல் நின்றார். தொடக்கத்தில் ஒரு மரத்தடி, ஒரு கல், ஒரு சூலம். பின்னர்த் தகரக் கூரை. அதன்பின் செங்கல் சுவர் எனக் கோயில்கள் மெல்ல வளர்ந்தன. ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் திருவிழாவுக்கு வேலைக்காரர்களின் கூலியிலிருந்து வரி பிடிக்கப்பட்டது. விழா நாளில் பெரட்டு மணி ஒலிக்கவில்லை. மற்ற நாளெல்லாம் ஆளைக் கூட்டிய மணி ஓய்ந்து, அன்று பறையும் உறுமியும் ஊரைக் கூட்டின. கரகம் எடுத்தனர், காவடி சுமந்தனர், தீ மிதித்தனர். இரவில் தெருக்கூத்து விடியும்வரை நடந்தது. விழாவின் முடிவில் மஞ்சள் நீர் விளையாட்டு நிகழ்ந்தது.

இவற்றைச் சமயச் சடங்குகள் என்று மட்டும் கருதுவது பாதி உண்மையையே காண்பதாகும். வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மகள், திருவிழாவுக்குப் பிறந்த லயத்துக்குத் திரும்பினாள். தாய்மாமன் மருமகனுக்குச் சட்டை வாங்கி வந்தார். பெண் பார்க்கும் பேச்சும், பழைய பகை தீரும் பேச்சும் கோயில் பந்தலிலேயே நடந்தன. அம்மை கண்டு பிழைத்த பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட தாய், தீக்குழியின் அருகே நின்று கண்ணீர் விட்டாள். தந்தை தன் தோள்மேல் பிள்ளையைத் தூக்கிவைத்துக் கூத்துக் காட்டினார். அன்றுவரை மங்கும் வாளியும் தூக்கிய தோள் அது. ஆண்டில் பல நாள் கிட்டாத ஒன்றை அந்நாள் அக்குடும்பத்துக்குக் கொடுத்தது. இயற்கை காலத்தைத் தந்தது. சமயம் அக்காலத்துக்குக் காரணம் தந்தது. குடும்பம் அதன் பயனைப் பெற்றது.

அந்த விழாக்கள் குறையற்றவை என்று கூறுதல் வரலாறாகாது. முதல் மரியாதை கங்காணிக்கே சென்றது. சாதி வேற்றுமை கோயில் வாயிலிலும் நின்றது. தோட்டக் கள்ளுக்கடை, ஓய்வு நாளின் கூலியையும் அமைதியையும் ஒருங்கே விழுங்கியது. ஓய்வு கிடைத்தால் மட்டும் போதாது. அதனை எதனால் நிரப்புவது என்ற அறிவும் வேண்டும் என்பதைப் பல பெண்கள் கண்ணீரோடு கற்றனர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளர்ந்து எழுந்ததன் பின்னணியில் அக்கண்ணீரும் இருந்தது.

நகரத்துக் கோயில்களும் வெள்ளிக்கிழமையும்

தோட்டங்களுக்கு வெளியே, ஜொகூர் பாரு நகரிலும் தமிழர் வாழ்வு வேரூன்றியது. 1895 முதல் 1959 வரை ஆட்சி புரிந்த சுல்தான் இப்ராகிம் காலத்தில், 1911இல் அருள்மிகு இராஜமாரியம்மன் ஆலயம் அரசர் அளித்த நிலத்தில் எழுந்தது. 1922இல் தெப்ராவ் பகுதியில் எளிய குடிலாகத் தொடங்கிய இராஜகாளியம்மன் ஆலயம், பின்னாளில் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டு 2009இல் கண்ணாடிக் கோயிலாகப் புதுப்பொலிவு பெற்றது.

ஜொகூருக்கே உரிய ஒரு சிறப்பும் ஈண்டு கருதத்தக்கது. மலாயாவின் பல மாநிலங்கள் ஞாயிற்றுக்கிழமையை வார விடுமுறையாகக் கொண்டிருந்தபோது, ஜொகூர் அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் வெள்ளிக்கிழமையை விடுமுறையாகக் கொண்டன. அது முஸ்லிம்களின் கூட்டுத் தொழுகை நாள். தமிழ்ப் பெண்களுக்கோ வெள்ளிக்கிழமை அம்மனுக்குரிய நாள். வீட்டை மெழுகி விளக்கேற்றும் நாள். பள்ளிவாசலை நோக்கி மலாய்க்காரத் தந்தையும் மகனும் நடந்த அதே நாளில், அம்மன் கோயிலை நோக்கித் தமிழ்த் தாயும் மகளும் நடந்தனர். வெவ்வேறு வழிபாடுகளுக்கு ஒரே ஓய்வு நாள் இடந்தந்த இந்நிலை, திட்டமிட்டு அமைக்கப்பட்டதன்று. ஆயினும் ஒரு நாளைப் பொதுவாக்கினால் அதில் பலர் வாழலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

உரிமையாகிய ஓய்வு

விழா நாள் ஓய்வு, தோட்டத் துரையின் இசைவால் கிடைத்தது. அவர் மறுத்தால்? கொடுத்தவர் எடுத்துக்கொள்ளக் கூடிய ஒன்று உரிமையாகாது. இதனைத் தமிழ்த் தொழிலாளர் உணர்ந்த காலம் விரைவில் வந்தது.

மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்பது போன்ற விதிகளை வகுத்தது. எழுத்தில் இருந்தது எல்லா லயங்களையும் எட்டவில்லை. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச்.நாதன் முதலியோர் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வே அதன் முதன்மைக் கோரிக்கை. ஆனால் அப்பட்டியலில் இடம்பெற்ற வேறு சில கோரிக்கைகளைத் தமிழ் மாணவர் அறிதல் வேண்டும். 10 மணி முதல் 12 மணி நேரம் வரை நீளும் வேலை நாளை ஒழித்தல், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி அளித்தல், துரையின் முன் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து செல்லும் உரிமை ஆகியன அவை. உடன்பிறந்தவன் வந்து ஒரு வேளை உண்டு செல்வதற்கும் போராட வேண்டியிருந்தது! அப்போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. தொழிலாளர் உயிர் துறந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். குடும்பத்தோடு இருக்கும் நேரம் ஓர் அரசியல் உரிமை என்பதை அவர்கள் குருதியால் எழுதிச் சென்றனர்.

அதே ஆண்டின் இறுதியில் சப்பானியர் படையெடுத்தனர். சயாம் மரண இருப்புப்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர்; திரும்பாதவர் பலர். போர் முடிந்த சில ஆண்டுகளில், 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. கூலாய், யோங் பெங், லாபிஸ் போன்ற ஜொகூர்ப் பகுதிகள் அப்போரின் கடுமையை நேரில் கண்டன. முள்வேலிகளும் ஊரடங்கும் சூழ்ந்த இடங்களில் விடிய விடியக் கூத்துப் பார்ப்பது எங்ஙனம் இயலும்?

அந்த இடர்ப்பாடுகளுக்கு நடுவிலும் உரிமைகள் உருப்பெற்றன. 1954இல் ஐந்து தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது; ஜொகூர்த் தோட்டத் தொழிலாளர் சங்கமும் அவ்வைந்தனுள் ஒன்று. பி.பி.நாராயணன் அதன் தலைமைப் பொறுப்பேற்றுத் தொழிலாளர்க்கு நெடுங்காலம் தொண்டாற்றினார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 1957இல் நடைமுறைக்கு வந்தது. வாரந்தோறும் ஒரு முழு நாள் ஓய்வு என்பது அதன்வழிச் சட்டமாயிற்று. 1973 முதல் மே முதல் நாள் நாடு முழுவதற்கும் பொது விடுமுறையாயிற்று. துரையின் தயவாக இருந்த ஓய்வு, தொழிலாளியின் உரிமையாக உயர்ந்தது.

ஓய்வை நிரப்பும் பொருளும் அக்காலத்திலேயே செழுமை பெற்றது. தமிழ் முரசு ஆசிரியர் கோ.சாரங்கபாணியின் முயற்சியால் 1952 முதல் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அது பரவியது. பேச்சு, பாட்டு, நாடகம் எனத் தைத் திங்களின் ஓய்வுப் பொழுதைக் கல்வியாக்கிய விழா அது. சாதி, சமய வேறுபாடின்றித் தமிழர் யாவரும் கூடுவதற்கு அதில் இடமிருந்தது. கோயில் விழாவில் ஒதுங்கி நின்றவனும் அம்மேடையில் ஏறி நின்றான்.

மரம் மாறியது, காலமும் மாறியது

சட்டம் ஓய்வைத் தந்த அதே தலைமுறையில், அவ்வோய்வைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் கலையத் தொடங்கியது வரலாற்றின் முரண். வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெருந்தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரைத் தோட்ட உரிமையாளராக்க முயன்றார். ஆனால் மாற்றத்தின் வெள்ளம் பெரிதாக இருந்தது.

1960களிலிருந்து இரப்பர் இருந்த இடங்களில் செம்பனை நடப்பட்டது. இம்மாற்றத்தைப் பொருளாதார மாற்றமாக மட்டுமே பலர் கண்டனர். அது காலக் கணக்கின் மாற்றமும் ஆகும். செம்பனைக்கு இலையுதிர் காலம் இல்லை. ஆண்டு முழுவதும் குலை தள்ளும். 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை அதே மரத்தடிக்கு அரிவாளுடன் திரும்ப வேண்டும். பங்குனி வந்தாலும் வானம் தெரியாது. சித்திரை வந்தாலும் செந்தளிர் தோன்றாது. பால் மரம் தந்த வேனிலைச் செம்பனை தரவில்லை.

பின்னர் நகரம் வந்தது. 1974இல் செனாய் விமான நிலையமும், 1977இல் பாசிர் கூடாங் துறைமுகமும் திறக்கப்பட்டன. தொழிற்சாலைகள் பெருகின. 2006இல் இஸ்கந்தார் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், தோட்டங்களாக இருந்த நிலங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. லயத்து மக்கள் ஸ்கூடாய், மாசாய், கூலாய் முதலிய குடியிருப்புகளுக்குப் பிரிந்து சென்றனர். ஒரே மணியோசைக்கு எழுந்தவர்கள், இப்போது வெவ்வேறு கடிகாரங்களுக்கு எழுந்தனர். தந்தைக்கு இரவு வேலை. தாய்க்குப் பகல் வேலை. மூத்த மகன் 1924இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே விடியுமுன் சிங்கப்பூருக்குச் செல்கிறான். கூலி உயர்ந்தது; கல்வி உயர்ந்தது; வீடும் உயர்ந்தது. உயராதது, ஒருங்கே அமர்ந்து உண்ணும் பொழுது ஒன்றே.

எந்த நாள் நம் நாள்?

வார விடுமுறையின் கதையும் இதனையே காட்டுகிறது. 1994இல் ஜொகூர் தன் வெள்ளிக்கிழமை விடுமுறையைக் கைவிட்டுச் சனி, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மாறியது. 2014 ஜனவரி முதல் வெள்ளி, சனிக்கிழமைகளுக்குத் திரும்பியது. 2025 ஜனவரி முதல் மீண்டும் சனியும் ஞாயிறும் விடுமுறையாயின. இடைப்பட்ட 11 ஆண்டுகளில், தமிழ்ப்பள்ளி மாணவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் சீருடை அணிந்து பள்ளிக்குச் சென்றான். சிங்கப்பூரிலும் தனியார் நிறுவனங்கள் பலவற்றிலும் பணி புரிந்த பெற்றோர் அன்றுதான் வீட்டில் இருந்தனர். மாணவன் வீட்டில் இருந்த வெள்ளிக்கிழமையில் பெற்றோர் வேலைக்குச் சென்றனர். அனைவர்க்கும் விடுமுறை இருந்தது. குடும்பத்துக்கு விடுமுறை இல்லை! வெள்ளி விடுமுறையால் வழிபாட்டுக்கு நேர்ந்த நன்மையும் மறுக்கத்தக்கதன்று. எந்த நாள் சிறந்தது என்பதைவிட, எல்லாருக்கும் பொதுவான நாள் எது என்பதே அடிப்படை வினா என்பதை ஜொகூர் மக்கள் தம் பட்டறிவால் கண்டனர்.

சட்டம் இன்னும் முன்னேறியுள்ளது. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தின் வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. திருமணமான தந்தைக்கும் பிள்ளை பிறக்கும்போது 7 நாள் விடுப்பு உண்டு. இருட்டில் எழுந்து கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற அன்றைய தாய், இதனைக் கேட்டால் நம்புவாளா? அவள் பேத்திக்கு இன்று கிடைத்திருப்பது, கிள்ளானில் விழுந்தவர்களும் சங்கம் கட்டியவர்களும் தேடிக் கொடுத்த செல்வம். ஆனால் சட்டத்தால் மணி நேரத்தைத்தான் தர முடியும். அந்நேரத்தைக் குடும்பமாக்குவது சட்டத்தின் கையில் இல்லை. ஒரே அறையில் நால்வர் அமர்ந்து, நால்வரும் நான்கு கைப்பேசித் திரைகளை நோக்கியிருந்தால், மழைநாள் லயத்தில் இருந்த நெருக்கம்கூட அங்கு இல்லை.

மீட்கக் கூடியது

இழந்தவை யாவும் மீளா. லயங்கள் மீண்டும் வேண்டியதில்லை. கள்ளுக்கடையும் கங்காணியின் முதல் மரியாதையும் அறவே வேண்டியதில்லை. மீட்க வேண்டியது ஒன்றே: பொதுவாக ஓய்வு கொள்ளும் வழக்கம். அதற்கான வழி முற்றிலும் அழிந்துவிடவில்லை. தோட்டம் போய்க் கோயில் மட்டும் எஞ்சியுள்ள இடங்களில், ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய மக்கள் பல ஊர்களிலிருந்து வந்து கூடுகின்றனர். பேரப் பிள்ளைகளுக்குத் தாம் நிரை பிடித்த இடத்தைக் கைநீட்டிக் காட்டுகின்றனர். அங்கே செம்பனையோ சாலையோ வீடுகளோ இருக்கலாம். காட்டும் கை உண்மையானது.

ஜொகூரின் இயற்கையும் தொலைவில் இல்லை. குளுவாங்கில் லம்பாக் மலை நிற்கிறது. தங்காக் அருகே 1,276 மீட்டர் உயர்ந்த லேடாங் மலையும் அதன் அடியில் சாகில் அருவியும் உள்ளன. கோத்தா திங்கியில் லோம்போங் அருவி விழுகிறது. சிற்றுடைமைத் தோட்டங்களில் எஞ்சியுள்ள இரப்பர் மரங்கள், ஆண்டுதோறும் தவறாமல் இலையுதிர்த்துத் தளிர்க்கின்றன. பாடநூலில் பருவங்களைப் படிக்கும் மாணவன், பங்குனித் திங்களில் அத்தகைய ஒரு தோட்டத்துக்குள் ஒரு முறையேனும் நடந்து பார்த்தல் நன்று. பாட்டனார் உடன் நடந்தால் இன்னும் நன்று.

ஆசிரியர்கள் இதில் ஆற்றக்கூடிய பணியும் உண்டு. தத்தம் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, அத்தோட்டக் கோயில் திருவிழா எந்த மாதத்தில் நடந்தது, அன்று யார் யார் வந்து கூடினர் என்று வீட்டு முதியோரைக் கேட்டு எழுதி வருமாறு மாணவரைப் பணிக்கலாம். அவ்வினாவைக் கேட்பதற்காகவேனும் பிள்ளை பாட்டியின் அருகில் அமர்வான். பாட்டி பேசத் தொடங்குவாள். அடுப்பங்கரையிலிருந்து தாயும் வந்து நிற்பாள். வேலைக்குக் கிளம்பிய தந்தையும் சற்றே தாமதிப்பார். பெரட்டு மணி ஓய்ந்த அந்தத் திருவிழா நாளில் லயத்து வாசலில் நிகழ்ந்ததும் இதுவே.